ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்குள் கைடோடு நடை: ஊட்டியிலிருந்து 22 பேர், எப்படித் திட்டம் போடலாம்?

ஃபிங்கர்போஸ்ட்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசி வாரத்தில் ஊட்டியிலிருந்து 22 பேர் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையை நடந்தே பார்க்கப் போகிறோம். பெரியவர்கள் 15, பிள்ளைகள் 7. எல்லாப் பிள்ளைகளும் பத்து வயதைத் தாண்டியவர்கள். அறுபதுக்கு மேல் ஐந்து பேர், அதில் இரண்டு பேருக்கு முழங்கால் வலி. இடத்துக்குப் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு மைசூர் அரண்மனைக்கு ஓடுகிற டூர் எங்களுக்கு வேண்டாம். மதில், அகழி, வாசல், சிறை எல்லாம் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகிறது என்று புரிய வேண்டும். அதற்காகத்தான் கைடு வைத்துக்கொள்ள நினைக்கிறோம்.

காலையில் கிளம்பி இரவு வீடு திரும்ப முடியுமா, இல்லை ஒரு ராத்திரி தங்கத்தான் வேண்டுமா? கோட்டைக்குள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது நல்லது? தமிழ் பேசும் கைடு கிடைப்பாரா, அவரிடம் முன்னாலேயே என்னென்ன பேசி வைக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர் ரோடு:

சார், பயணக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் நடைக்கு மிஞ்சுவது வெயில் நேரம்தான்.

பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஃபிங்கர்போஸ்ட்டில் ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால் பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கி, தொரப்பள்ளி செக்போஸ்ட்டைத் தொட ஆறரை ஆகிவிடும். அப்புறம் முதுமலை, கக்கநல்லா, பந்திப்பூர், குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு, மைசூர். டீக்கு ஒரு தடவை நிறுத்தினால் கோட்டை வாசலில் பத்து மணி. நடை பத்திலிருந்து ஒன்று வரை என்றால், ஊட்டிக் குளிரில் பழகிய உடம்பு திணறிப் போகும். நாம் இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில், அந்த ஊர் 700 மீட்டருக்கும் கீழே. பிப்ரவரி கடைசியில் பதினொரு மணிக்கே அங்கே கல் சுட ஆரம்பித்துவிடும்.

திரும்பும்போதும் அதே கதவுதான். குண்டல்பேட்டையைத் தாண்டி மேல்கம்மனஹள்ளி செக்போஸ்ட்டை ஒன்பதுக்குள் கடக்க வேண்டும். எட்டு மணிக்கே அங்கே இருக்கிற மாதிரி கணக்குப் போடுங்கள். ஞாயிறு மாலை மைசூருக்குள் மாட்டினால் ஒரு மணி நேரம் சாதாரணமாகக் கரையும். ஐந்து பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்த ஓட்டம் வேண்டாம். சனிக்கிழமை மதியம் கிளம்பி, இரவு மைசூரில் தங்கி, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோட்டையில் நின்றால் நடை சுகமாக இருக்கும்.

வண்டி விஷயத்தில் மூன்றைக் கவனியுங்கள். டெம்போ டிராவலர் என்றால் ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கிறதா என்று ஆர்.சி.யோடு சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் கர்நாடகாவுக்குத் தற்காலிக பர்மிட்டும் வரியும் முன்னதாகக் கட்டியிருக்க வேண்டும். எல்லையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிரைவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, வழி. டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டி என்றால் கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கித் தூரத்தைக் குறைக்கலாம். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு, வயிற்றைப் புரட்டும். பிள்ளைகளோடு கூடலூர் வழியே நல்லது. கோயம்புத்தூர் வண்டி எடுத்தால் கல்லட்டியில் இறங்கவே விடமாட்டார்கள், திரும்பி வர இ-பாஸும் வேண்டும். மூன்றாவது, மைசூரிலிருந்து கிளம்பும்போது பெங்களூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறிவிடாதீர்கள். அது ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி பைபாஸில் கொண்டுபோய்விடும். ஊருக்குள் போகும் பழைய ரோட்டையே பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அங்கே வாங்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எதுவும் திரும்பும்போது வண்டியில் இருக்கக் கூடாது. நீலகிரியில் அதற்குத் தடை, கக்கநல்லா செக்போஸ்ட்டில் பிடுங்குவார்கள், அபராதமும் உண்டு. உள்ளூர்க்காரர் என்று சொல்வதெல்லாம் எடுபடாது. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில்.

கொத்தளம்:

கோட்டைக்குள் எப்படி நடப்பது என்று கேட்டீர்கள். என் யோசனை ஒன்றுதான்: 1799 மே 4-ஆம் தேதி திப்பு சுல்தானை வீழ்த்திய ஆங்கிலேயக் கம்பெனிப் படை எந்த வழியில் உள்ளே வந்ததோ, அந்த வழியிலேயே நடங்கள். அப்படி நடந்தால் இடங்கள் தாமாகவே கோத்துக்கொள்ளும். வேறு எந்த வரிசையில் போனாலும் தனித்தனிப் பாழடைந்த கட்டடங்களாகத்தான் தெரியும்.

ஊர் காவிரி நடுவில் ஒரு தீவு. கோட்டை தீவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. அங்கே, மதில் உடைந்த இடத்தில், மைசூர் அரசு 1907-இல் எழுப்பிய நினைவுத் தூண் நிற்கும். பெரும்பாலான டூர்கள் இதைக் கடைசியில், மதியம் பன்னிரண்டு மணிக்குக் காட்டும், அல்லது விட்டேவிடும். நீங்கள் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வெயில் முதுகுப் பக்கம் விழும், ஆறு தெளிவாகத் தெரியும்.

தூணைப் பார்ப்பதைவிட ஆற்றைப் பார்ப்பது முக்கியம். எதிர்க்கரையிலிருந்துதான் பீரங்கிகள் இந்த மதிலைக் குறிவைத்து அடித்தன. ஏன் இந்த மூலை? இங்கே ஆறு பாறைகள் நிறைந்தது, கோடையில் இறங்கிக் கடக்கலாம். ஏன் மே முதல் வாரம்? இன்னும் சில வாரம் போனால் குடகில் மழை பிடித்து ஆறு நிரம்பிவிடும், அப்புறம் கோட்டைக்கு அந்த ஆறே அரண். அந்தப் படையின் தளபதி ஜெனரல் ஹாரிஸின் அவசரம் முழுக்க அந்த மழையைப் பற்றியதுதான். பிப்ரவரியில் போகிறீர்கள், பாறைகள் நன்றாகத் தெரியும். ஆடி, ஆவணியில் கிருஷ்ணராஜ சாகர் அணையைத் திறந்துவிட்ட நேரத்தில் போகிறவர்களுக்கு இந்த இடம் புரியவே புரியாது. கரை முட்ட வெள்ளம்தான் தெரியும்.

மதியம் ஒரு மணி வாக்கில் ஆற்றைக் கடந்து உடைப்பில் ஏறினார்கள். ஏறியவர்கள் முன்னால் இன்னொரு அகழியும் இன்னொரு மதிலும் இருந்தன. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். வெளி மதில், நடுவில் பள்ளம், உள் மதில். இன்று அந்தப் பள்ளத்தில் முட்புதர் மண்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் அது அகழி என்று தெரியும். மதில்மேல் ஏறிய படை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வடக்கு மதில் வழியாக, மற்றொன்று தெற்கு மதில் வழியாக, கிழக்கே சேர்வது திட்டம். திப்பு நின்று எதிர்த்தது வடக்கில். ஆகவே நீங்களும் வடக்கு மதிலைப் பிடியுங்கள்.

போகிற வழியில் பெய்லி சிறை. இதைத் தாண்டிப் போய்விடுவது எளிது, காரணம் அது மதில் தரைக்குக் கீழே இருக்கிறது. அதன் கூரையும் நீங்கள் நிற்கும் தரையும் ஒரே மட்டம். படி இறங்கினால் சுண்ணாம்பு பூசிய வளைவுக் கூரை, நீளம் சுமார் 30 மீட்டர், அகலம் 12 மீட்டர். சுவரிலிருந்து கற்பலகைகள் துருத்திக்கொண்டு நிற்கும், சங்கிலி கோக்க அவற்றில் துளை. பிள்ளைகளை அந்தத் துளையில் விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கிடக்கும் பீரங்கி முற்றுகையின்போது கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்ததாகச் சொல்வார்கள். கம்பெனிப் படையின் கர்னல் பெய்லி பிடிபட்டது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர்ப் போரில், 1780-இல். 1782-இல் இங்கேயே இறந்தார். அதே போரில் பிடிபட்டு 1784 வரை இந்த ஊரில் கைதியாக இருந்தவர் டேவிட் பெயர்ட். 1799-இல் உடைப்பில் ஏறிய படைக்குத் தலைமை தாங்கியதும் அதே பெயர்ட். இந்த ஒரு முடிச்சைக் கைடு சொல்லாமல் விட்டால் நீங்கள் கேளுங்கள்.

அடுத்து, கம்பி வேலிக்குள் ஒரு கல். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கல்லில் எழுதியிருப்பது திப்புவின் உடல் இங்கே கிடைத்தது என்று. வாசல் வழியில் பிணக்குவியலுக்கு நடுவே, அன்று இரவு தீப்பந்த வெளிச்சத்தில் தேடிக் கண்டெடுத்தார்கள். சில கைடுகள் இந்த இடத்தில் மீர் சாதிக் காட்டிக்கொடுத்தார் என்கிற துரோகக் கதையிலேயே அரை மணி நேரத்தைப் போக்கிவிடுவார்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும். எந்த வாசல், அவர் எந்தத் திசையிலிருந்து வந்தார், உள் மதில் எது என்று கேளுங்கள். அப்போது நீங்கள் நடந்து வந்த மதிலுக்கு அர்த்தம் வரும்.

அங்கிருந்து கிழக்கே ஜாமியா மசூதி, 1787. உயர்ந்த மேடைமேல் இரட்டை மினார், உடம்பெல்லாம் புறாப் பொந்துகள். தொழுகை நேரமாக இருந்தால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள். பெங்களூர் வாசல் பக்கத்திலேயே. இங்கே வடக்குப் பாதி முடிந்தது. தெற்கே மைசூர் வாசலும் யானை வாசலும் இருக்கின்றன. தெம்பு இருப்பவர்கள் நடக்கலாம், மற்றவர்கள் வண்டியில் போய்ச் சேரலாம். மொத்தம் மூன்றரை, நாலு கிலோமீட்டர், நின்று கேட்டு நடந்தால் மூன்று மணி நேரம்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனால் ஆயுதக் கிடங்கு ஒன்றையும் பாருங்கள். இரட்டைப் பாதை போடும்போது குறுக்கே இருந்தது. இடிக்காமல், சுமார் 1,000 டன் எடையை அப்படியே தூக்கி 2017-இல் நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். உங்கள் குழுவில் இன்ஜினியர் யாராவது இருந்தால் அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

மைசூர் ரோடு அக்கா:

கொத்தளம் சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ரங்கநாதர் கோயிலை விட்டுவிட்டாரே! நம் ஆட்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஆதிரங்கனைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். ஆதிரங்கம் இங்கே, மத்தியரங்கம் சிவனசமுத்திரம், கடைசி அரங்கம் நம் ஸ்ரீரங்கம். கோயிலும் கோட்டையின் மேற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தூணிலிருந்து தூரமில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு மேல் வரிசை நீளும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். எனவே ஏழு மணிக்குத் தூண், ஆறு, அகழி, உடனே கோயில் தரிசனம், அப்புறம் வடக்கு மதில் என்று வையுங்கள். செருப்பை வண்டியிலேயே கழற்றிவிட்டுக் கோயிலுக்கு நடக்க வேண்டாம், வழியெல்லாம் சரளை. கோயில் வாசலில் விடுங்கள். மசூதிக்குப் போகும் நேரம் பத்தைத் தாண்டியிருந்தால் கல் சுடும். ஆளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ் பையில் இருந்தால் பிள்ளைகள் குதிக்காமல் நடப்பார்கள்.

திப்புவின் தரியா தௌலத் மாளிகை பற்றி ஒரு வார்த்தை. சில கைடுகள் வண்டி நிறுத்த வசதி என்று அங்கே ஆரம்பிப்பார்கள். அது கோட்டைக்கு வெளியே, கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், அதனால் அதைக் கடைசிக்கு வைப்பதே சரி. 1784-இல் கட்டிய தேக்கு மாளிகை. மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போரைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். நடுவில் படை சூழ்ந்த சதுரத்துக்குள் பல்லக்கில் பெய்லி இருப்பார், வெடிமருந்து வண்டி வெடிக்கும். சிறையைப் பார்த்த மறுமணி நேரத்தில் அந்த முகத்தைச் சுவரில் தேடுவது பிள்ளைகளுக்கு மறக்காது. உள்ளே டிக்கெட் உண்டு, 15 வயதுக்குக் கீழே இலவசம். பள்ளி அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைடு விஷயம். சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரையே எடுங்கள். தமிழ் பேசுகிறவர்கள் மைசூரில் கிடைப்பார்கள், ஆனால் "தமிழ் வரும்" என்பதும் தமிழில் மூன்று மணி நேரம் விளக்குவதும் வேறு வேறு. போனில் இரண்டே கேள்வி கேளுங்கள்: மதில் உடைந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பீர்களா? வடக்கு மதில்மேல் எங்கெங்கே நடக்கலாம், எங்கே இறங்க வேண்டும்? இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அவர் நடக்கிற கைடு. "எல்லா இடமும் காட்டிடறேன் சார்" என்றால் அவர் வண்டிக் கைடு.

கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல் அரை நாளுக்கு மொத்தமாகப் பேசுங்கள். பட்டுக் கடை, சந்தனக் கடை எதிலும் நிறுத்தக் கூடாது என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். அந்தக் கமிஷன் போவதால் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுப்பதே மேல், ஒரு மணி நேரம் மிச்சம்.

22 பேருக்கு ஒரு கைடு போதாது. பின்னால் நிற்கும் எட்டுப் பேருக்கு எதுவும் கேட்காது, அவர்கள் தனியாகப் பேச ஆரம்பிப்பார்கள், கூட்டம் உடையும். பதினொன்று பதினொன்றாகப் பிரித்து, இரண்டு கைடு, கால் மணி நேர இடைவெளி. சிறைக்குள்ளும் அத்தனை பேர் என்றால் நெரிசலில்லாமல் நின்று கேட்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் கடைசி ஆளாக ஒருவரை நியமியுங்கள், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

ஃபிங்கர்போஸ்ட்காரர்:

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேரும் முழுவதும் வர ஆசைப்படுகிறார்கள். எங்கே சிரமம் வரும்? தண்ணீர் வாசல் வழியாக ஆற்றில் இறங்கிக் கால் நனைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கொத்தளம்:

சிரமம் மூன்று இடத்தில்: தூணுக்கு அருகே மதில் சரிவு, சிறைக்கு இறங்கும் படி, மசூதி மேடைப் படி. இவற்றில் சரிவுதான் மோசம், கல் பெயர்ந்து கிடக்கும், பிடிக்கக் கம்பி கிடையாது. அவர்கள் கீழேயே நின்று ஆற்றைப் பார்க்கட்டும், ஒன்றும் குறையாது. ஊன்றுகோல் ஒன்று கட்டாயம். சிறையிலிருந்து மசூதி வரை ஆட்டோ பிடித்துக்கொடுத்துவிட்டால் முழங்காலுக்கு ஓய்வு, நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.

ஆற்றில் இறங்க வேண்டாம். பாறைமேல் பாசி, அடியில் குழி, இழுப்பு எங்கே என்று மேலிருந்து தெரியாது. பக்கத்திலேயே ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம், அங்கே முதலைகள் உண்டு, அவற்றுக்கு எல்லைக்கோடு எதுவும் கிடையாது. அகழிப் புதருக்குள்ளும் பந்து பொறுக்க, போட்டோ எடுக்க என்று பிள்ளைகளை விடாதீர்கள், பாம்பு இருக்கும். செருப்பைவிட ஷூ நல்லது.

கும்பஸ் போவதாக இருந்தால் அது தீவின் கிழக்குக் கோடிக்குப் போகும் வழியில், வண்டியில்தான். வெளியே 36 கருங்கல் தூண், உள்ளே ஹைதர், அவர் மனைவி, திப்பு மூவரின் சமாதி. தரியா தௌலத் முடித்துப் பதினோரு மணிக்கு அங்கே போனால் பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுக்குக் கிளம்பலாம், எட்டு மணிக்கு முன்னால் மேல்கம்மனஹள்ளி.

கூடலூர் ரோடு:

ஒரு சேர்க்கை மட்டும். நீங்கள் சனி மதியம்தானே கிளம்புகிறீர்கள்? காலையில் எல்லோரையும் ஒரு மணி நேரம் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு அழைத்துப் போங்கள். அந்தக் கூரையைத் தாங்கும் மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தது. 1829 ஏப்ரல் 23-இல் அடிக்கல் போட்டார்கள், 1831 ஈஸ்டருக்குத் திறந்தார்கள். திப்புவின் தலைநகரம் விழுந்து சுமார் முப்பது வருடத்தில் அதன் உத்தரம் நம் மலைக்கு ஏறிவிட்டது. 1799-க்குப் பிறகுதான் இந்த மலையும் கம்பெனி கைக்குப் போனது, அப்புறம்தான் 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் இங்கே வந்தார். அவர் மனைவி, மகள் கல்லறைகள் சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் இருக்கின்றன.

உள்ளே போனதும் தூணைப் பார்ப்பதோடு நிற்காமல் தலையைத் தூக்கி உத்தரத்தின் கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் கோட்டைக்குள் அரண்மனை இருந்த இடம் என்று கைடு வெறும் அடித்தளத்தைக் காட்டும்போது, மேலே என்ன இருந்திருக்கும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். ஞாயிறு ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது, சனிக்கிழமை பத்து மணி சரியான நேரம். கல்யாணம் எதுவும் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.